கல்யாண மண்டபத்தில் மத்திய வங்கி

தஞ்சாவூரில் சமீபத்தில் ஒரு விவாதக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மத்திய வங்கி அரசியல்வாதிகளின் கைக்கு எட்டாமல் சுதந்திரமாக இருக்க வேண்டுமா, இல்லை மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்க வேண்டுமா என்பதுதான் தலைப்பு. இப்போதெல்லாம் தொலைக்காட்சியைத் திறந்தாலே இந்தப் பேச்சு. கூட்டத்தில் ஒரு பேராசிரியர் எழுந்து, வட்டியை முடிவு செய்யும் அதிகாரத்தை அரசியல்வாதியிடம் கொடுத்தால் ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னாலும் வட்டி இறங்கும், தேர்தல் முடிந்ததும் விலைவாசி ஏறும் என்றார். அடுத்து ஒரு விவசாய சங்கத்துக்காரர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“யாரும் ஓட்டுப் போடாத நாலு பேரு பம்பாய்ல உக்காந்துகிட்டு, பாபநாசத்துல நான் வாங்குற கடனுக்கு வட்டி வக்கிறாங்க. அவங்கள நான் எங்க போயி கேக்குறது?”

நான் இரண்டு பேருக்கும் கைதட்டினேன். என்னுடன் வேலை பார்த்த கவிதா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இன்னும் பணியில் இருப்பவர். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன சார், ரெண்டு கட்சிக்கும் தட்டுறீங்க?”

“ரெண்டு பேரு சொல்றதும் சரியாத்தானே இருக்கு.”

“அப்ப அத எழுதுங்க சார். சட்டப் பிரிவெல்லாம் நாங்க படிச்சிருக்கோம். அந்தக் கல்யாண மண்டபத்துல என்ன நடந்துச்சுன்னு யாரும் எழுதி வைக்கல.”

கவிதா கேட்டதால் எழுதுகிறேன். அந்த மண்டபம் இருந்த ஊரின் பெயரையும், அங்கே மூழ்கிய கூட்டுறவு வங்கியின் பெயரையும் எழுதவில்லை. அந்த ஊர்க்காரர்கள் போதுமான அளவு பட்டுவிட்டார்கள்.

நான் நாகப்பட்டினத்துக்காரன். அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அவர் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். எனக்கு ஒரே அக்கா, ஜுலைகா ராத்தா. கடையில் உட்காரப் பிடிக்காமல் பரீட்சை எழுதினேன். மத்திய வங்கியில் வேலை கிடைத்தது. சென்னை, நாக்பூர், மும்பை என்று மாற்றலாகி மாற்றலாகி இளமை போய்விட்டது. அந்த வருடங்களில் நான் கற்றுக்கொண்டது ஒரு வங்கியைச் சோதனை போடுவது எப்படி என்பதைத்தான். முன்னறிவிப்பு இல்லாமல் போக வேண்டும். கொடுக்கிற காபியைக் குடிக்கக் கூடாது. எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, எழுதியிருக்கிற பொருளை நேரில் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும். மற்ற வங்கிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்கும் பிரிவு எங்களுடையது.

மும்பையில் எனக்கு மேலதிகாரியாக வந்தவர் பத்மாவதி மேடம். மதுரைக்காரர். குட்டையான உருவம். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. அமைச்சரோ சட்டமன்ற உறுப்பினரோ ஏதாவது ஒரு வங்கிக்காகத் தொலைபேசியில் பேசினால், உடனே எங்களில் ஒருவரை அறைக்குள் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்துக்கொள்வார். பேசுகிறவரைக் குறுக்கிடவே மாட்டார். முழுக்கக் கேட்டுவிட்டு, “இத ஒரு கடிதமா எழுதி அனுப்பிடுங்க சார். பதிலும் எழுத்துலயே வரும்” என்பார். பாதிப் பேர் கடிதம் எழுத மாட்டார்கள். எழுதுகிறவர்களுடைய கடிதம் வந்துவிட்டால், மேசையில் வேறு எந்தக் கோப்பு இருந்தாலும் அதைத் தள்ளி வைத்துவிட்டு அதற்குத்தான் முதலில் பதில்.

ஒருமுறை டெல்லியில் நாடாளுமன்றக் குழு எங்கள் தலைமையைக் கூப்பிட்டிருந்தது. கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நானும் மேடமும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே பேசியதை வெளியே சொல்லக் கூடாது. இன்றும் சொல்ல மாட்டேன். தாராளமாகத் திட்டு வாங்கினோம் என்பது வரை சொல்லலாம். வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “நம்ம வேலையப் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்க மேடம். என்ன கேள்வி கேக்குறாங்க பாருங்க” என்றேன்.

மேடம் தாழ்வாரத்தில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். “கடைசியா ஒருத்தர் கேட்டாரே, அது நல்ல கேள்வி இல்ல? இத்தனை மாசமா நம்ம ரூம்ல யாருமே அதக் கேக்கலையே” என்றார். அவ்வளவுதான். என் ஆத்திரத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் பின்னாலேயே நடந்தேன்.

பிறகு இருவரும் சென்னை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தோம். அவர் பிரிவுத் தலைவர். நான் சோதனைக்குப் போகும் அதிகாரி.

டெல்டாவில் ஒரு சிற்றூரில் நன்றாக நடப்பதாகப் பெயர் வாங்கிய கூட்டுறவு வங்கி ஒன்று இருந்தது. கடைக்காரர்கள், குத்தகை விவசாயிகள், ஓய்வு பெற்ற வாத்தியார்கள், வளைகுடாவில் இருந்து பணம் அனுப்பும் குடும்பங்கள் என்று ஊரே அதில்தான் கணக்கு வைத்திருந்தது. அந்த வங்கி கொடுத்த கடன்களில் பெரும்பங்கு ஓர் அரிசி ஆலைக்குப் போயிருந்தது. ஆலை, வங்கித் தலைவரின் மைத்துனருடையது. ஈடாக, ஆலைக் குடோனில் இருக்கும் நெல் மூட்டைகள்.

சோதனைக்குப் போனபோது குடோனைப் பார்க்க வேண்டும் என்றேன். ஆலைக்காரர் நல்ல மனிதர் போலத்தான் பேசினார். “உள்ள ஒரே தூசி சார். பாக்குறதுக்கு என்ன இருக்கு, மூட்டதானே? வாசல்லயே தெரியுது பாருங்க.”

வாசலில் தெரிந்தது. கூரை வரைக்கும் ஒழுங்காக அடுக்கிய மூட்டைகள். சாக்கில் குத்தி நெல் எடுத்துப் பார்க்கிற குத்தூசியை வாங்கி முன்வரிசையில் குத்தினேன். நல்ல நெல், மணி மணியாகக் கையில் விழுந்தது. சுமைதூக்குபவர்களைக் கூப்பிட்டு முன்வரிசையை நகர்த்தச் சொன்னேன். அவர்கள் ஆலைக்காரரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, அவர்களாகவே ஒவ்வொரு மூட்டையாக இறக்கினார்கள். மூன்றாவது வரிசையில் குத்தூசியைச் செருகினேன். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனது. வெளியே இழுத்தால் உமி. அடுத்த மூட்டையிலும் உமி. பின்சுவர் வரைக்கும் உமிதான். என்கூட வந்திருந்த வங்கி மேலாளர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சென்னைக்குத் திரும்பி அறிக்கை எழுதிக் கொடுத்தேன். இப்படிப்பட்ட நிலையில் ஒரு வங்கியை அப்படியே விட்டால், விஷயம் தெரிந்தவர்கள் முதலில் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தெரியாதவர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே எல்லோருக்கும் ஒரே நாளில் கதவை அடைக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு சிறு தொகைக்கு மேல் எடுக்க முடியாது என்று உத்தரவு போட்டு, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றி, வேறு நல்ல வங்கியோடு இணைக்கப் பார்க்க வேண்டும். அந்த நாள் வரைக்கும் வெளியில் ஒரு சொல் போகக் கூடாது. எங்களுக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய விதி.

உத்தரவு மேலிடத்தில் பரிசீலனையில் இருந்தபோது ஒரு மத்தியானம் ராத்தா போன் செய்தாள். அவளைக் கட்டிக் கொடுத்திருந்தது அந்த ஊரில்தான். ஹாஜா மச்சான் பல வருடங்கள் துபாயில் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் ஒரேயடியாகத் திரும்பியிருந்தார்.

“தம்பி, பர்வீனுக்கு இடம் முடிவாயிருச்சு. வேதாரண்யத்து மாப்பிள்ள. உப்பு யாவாரம். நல்ல மனுசங்க.”

சந்தோஷப்பட்டேன். பேசிக்கொண்டே போனவள் சாதாரணமாகச் சொன்னாள்: “மச்சான் அங்கேருந்து கொண்டாந்த பணத்தையெல்லாம் நம்ம ஊரு கூட்டுறவு பேங்குலதான் போட்டுருக்காங்க. வட்டிகூட வேணாம்னுட்டாங்க, நடப்புக் கணக்குலதான் கெடக்குது. பத்திரமா இருந்தா போதும்னு. நீதான் பேங்குகளப் பாக்குற ஆளாச்சே, அது நல்ல பேங்குதானே?”

நல்ல வங்கி என்றால் பொய். இல்லை என்றால் மறுநாள் காலை மச்சான் போய்ப் பணத்தை எடுப்பார். அவரைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர் எடுப்பார். சாயங்காலத்துக்குள் வங்கி வாசலில் கூட்டம் நிற்கும்.

“ராத்தா, ஆபீஸ் விஷயம் நான் வீட்டுல பேசுறதில்லையே” என்றேன்.

“ஆமா, நீ எப்பப் பேசியிருக்க” என்று சிரித்துவிட்டுக் கல்யாணச் சமையல்காரரைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

போனை வைத்ததும் நேராக மேடம் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“இன்னையிலருந்து அந்தக் கோப்பு உங்க மேசைக்கு வராது. வேற ஆள் பார்ப்பாங்க. நீங்க சொன்னத நான் எழுதிப் பதிவு பண்ணிடறேன்.”

“சரி மேடம்.”

“அக்காகிட்டச் சொல்லிடணும்னு இருக்கா?”

“இருக்கு மேடம்.”

“இருக்கத்தான் செய்யும். இல்லன்னு சொல்லியிருந்தாதான் எனக்குப் பயமா இருந்திருக்கும்.” கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, “போங்க, ஒரு டீ குடிச்சிட்டு வேலையப் பாருங்க” என்றார்.

உத்தரவு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வங்கி வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். சாயங்காலம் ராத்தா கூப்பிட்டாள். குரலே வேறாக இருந்தது.

“தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கு நான் கேட்டப்பவே ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும் ராத்தா.”

அவள் திட்டவில்லை. அழவும் இல்லை. போன் கட்டானது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

என் சேமிப்பை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். ராத்தா உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. மச்சான்தான் பேசினார். பணத்தைத் தொடவே இல்லை. “தெருவுல எல்லாரும் மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. எனக்கு மட்டும் பம்பாய்ல இருந்து மச்சினன் வந்து குடுத்தான்னா நான் எப்படி கடைத்தெருவுல நடக்குறது? எடுத்துக்கிட்டுப் போங்க மாப்ளே.” அவருக்கு நான் சென்னைக்கு மாற்றலானதுகூட நினைவில்லை. எங்கேயிருந்து வந்தாலும் அவருக்கு நான் பம்பாய் அதிகாரி.

அந்தப் பகுதி நாடாளுமன்ற உறுப்பினரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எம்.பி. என்றே எழுதுகிறேன். அவருடைய தாத்தா பண்ணையில் கூலிக்கு வேலை பார்த்தவர். அப்பா சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கியவர். இவர் சட்டம் படித்து, வழக்கு நடத்தி, தேர்தலில் நின்று ஜெயித்தவர். வங்கித் தலைவர் இவருடைய கட்சிக்காரர்; இவருக்காகத் தேர்தல் வேலை பார்த்தவர். எம்.பி. கடிதம் எழுதினார். நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பினார். அதுவும் போதாமல், ரயிலேறித் தனியாக எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

மேடம் வழக்கம்போல ஓர் ஆளை அறைக்குள் கூப்பிட்டார். அன்று அலுவலகத்தில் இருந்தது நான்தான். எம்.பி.யிடம் அவர் முதலில் சொன்னதே இதுதான்: “இவரோட அக்கா குடும்பத்துப் பணமும் அங்க மாட்டியிருக்கு சார். அதனால இந்த விஷயத்துல இவருக்கு எந்த வேலையும் இல்ல. நாம பேசுறதுக்குச் சாட்சியா மட்டும் உக்காந்திருக்காரு.”

எம்.பி. என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மேடத்திடம் திரும்பினார்.

“அந்தத் தடைய எடுங்க மேடம். ஜனங்க என் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க. நடவு நேரம்.”

“எடுக்க முடியாது சார். எடுத்தா மொத நாளே எல்லாம் காலி. ஏழைங்க வரிசைல பின்னாடிதான் நிப்பாங்க.”

“நான் ஜெயிச்சு வந்தவன். நான் சொன்னா கேக்க மாட்டீங்களா?”

“எவ்வளவு நேரம் சொன்னாலும் உக்காந்து கேப்பேன் சார். நீங்க சொல்றபடி செய்யறது மட்டும் என் கையில இல்ல. இருக்கவும் கூடாது. இன்னைக்கு நீங்க நல்லதுக்குச் சொல்றீங்க. நாளைக்கு அந்த ஆலைக்காரருக்காக ஒருத்தர் வந்து இதே நாற்காலியில உக்காந்து சொல்லுவாரு.”

எம்.பி.யின் முகம் சிவந்துவிட்டது. “அப்ப நீங்கள்லாம் யாருக்குத்தான் பதில் சொல்லுவீங்க?”

“உங்களுக்குத்தான் சார்.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. மேடம் அதே குரலில் தொடர்ந்தார். “உத்தரவு போடாதீங்கன்னுதான் சொல்றேன். கேள்வி கேக்காதீங்கன்னு சொல்லல. என்ன செஞ்சோம், ஏன் செஞ்சோம்னு கேளுங்க. அதச் சொல்றதுக்குக் கடமைப்பட்டவதான் நான்.”

எம்.பி. ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். “சரி. அப்ப என்கிட்டச் சொல்றத ஊருக்கு வந்து சொல்லுங்க. உமி மூட்டைன்னு நான் போயிச் சொன்னா எவன் நம்புவான்? ‘கட்சிக்காரன மாட்டிவிடுறான்’னு ஒரு பக்கம் சொல்லுவான், ‘ஆபீசருகிட்ட வாங்கிட்டான்’னு இன்னொரு பக்கம் சொல்லுவான்.”

மத்திய வங்கி அதிகாரிகள் இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் போகிற வழக்கமே இல்லை. மேடம் மேசை நாட்காட்டியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, “கொடி, மாலை, பேனர் எதுவும் இருக்கக் கூடாது சார். மேடையில உக்கார மாட்டேன்” என்றார்.

“மேடையே வேணாம்மா” என்றார் எம்.பி.

மும்பையிலிருந்து அனுமதி வாங்குவதற்குள் மேடம் பட்ட பாடு தனிக் கதை. முதலில் முடியாது என்றார்கள். அவர் விடவில்லை. கிளம்புகிற அன்று, “நீங்க வர வேண்டாம். உங்க அக்கா அங்க இருப்பாங்க” என்றார் என்னிடம்.

“அதனாலதான் மேடம் வரணும்னு பாக்குறேன். வாய் திறக்க மாட்டேன். ஒளிஞ்சுக்கிட்டேன்னு இருக்கக் கூடாது.”

சம்மதித்தார்.

கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. எம்.பி. சொன்னபடியே மேடை காலியாக இருந்தது. கீழே ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஒன்றில் மேடம், இன்னொன்றில் எம்.பி. நான் பக்கவாட்டில் சுவரோரமாக நின்றேன். பெண்கள் பகுதியில் மூன்றாம் வரிசையில் ராத்தா உட்கார்ந்திருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

மேடம் குடோனில் கண்டுபிடித்ததைச் சொன்னார். தடை ஏன் என்பதைச் சொன்னார். எப்போது முடியும் என்பது தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். அதற்குக் கூச்சல் எழுந்தது. எம்.பி. எழுந்து கையைக் காட்டி, “தெரியாதத தெரியாதுன்னு சொல்றாங்க. கேளுங்க” என்றார்.

சரோஜா என்று ஓர் அம்மா எழுந்தார். குத்தகை நிலத்தில் சம்பா போடுகிறவர். “நாங்க ஒரு காலத்துல கூலிக்கு நட்ட நெலம்ங்க அது. இப்ப எங்க கையில குத்தகைக்கு இருக்கு. ஆத்துல தண்ணி வந்துருச்சு. நாத்து வளந்து நிக்குது. நடவாளுக்குக் கூலி குடுக்க என் பணத்த நான் எடுக்க முடியல. வைத்தியத்துக்குக் கேட்டா தருவோம், கல்யாணத்துக்குக் கேட்டா தருவோம்னு ஒட்டியிருக்கீங்க. நடவுக்குன்னு எழுதல. நாத்து முத்திப் போச்சுன்னா அப்புறம் எனக்கு வைத்தியமும் கெடையாது, கல்யாணமும் கெடையாதுங்க.”

மேடம் தாளை எடுத்து எழுதிக்கொண்டார். “அவசரச் செலவுன்னா என்னன்னு எழுதும்போது எங்களுக்கு இது தோணலம்மா. நீங்க சொல்றது சரி. நான் மேல எழுதுறேன். கிடைக்கும்னு இப்பவே வாக்குக் குடுக்க முடியாது.”

“நீங்க எழுதுங்க மேடம். நான் டெல்லியில கேக்குறேன். இனிமே மாசாமாசம் நெலம என்னன்னு தமிழ்ல எழுதி அந்த வாசல்ல ஒட்டுங்க. இத்தன வாரமா ஒரு வார்த்தை வரலன்னா ஜனங்க என்ன நெனப்பாங்க?” என்றார் எம்.பி.

“செய்யறேன் சார்.”

கூட்டம் கொஞ்சம் தணிந்தது மாதிரி இருந்தது. அப்போதுதான் பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

“இதெல்லாம் சும்மா பேச்சுங்க! பெரிய ஆளுங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. தலைவரு சொந்தக்காரன் தடை வர்றதுக்கு மொத வாரமே தொடச்சு எடுத்துட்டான். யாரு சொன்னது? இந்த ஆபீசருங்கதான் சொல்லியிருப்பாங்க! அவங்க ஆளுங்களக் காப்பாத்திட்டு நம்ம கழுத்துல கத்தி வச்சிட்டாங்க!”

மண்டபம் முழுக்க எழுந்துவிட்டது. ஒரு நாற்காலி உருண்டு விழுந்தது. மேடம் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. எம்.பி. என்னைப் பார்த்தார். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. என் வீட்டுக் கதையைச் சொல்லி நாங்கள் தப்பித்துக்கொள்வதில் எனக்கு விருப்பமில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அவரும் சொல்லவில்லை.

ராத்தா எழுந்தாள்.

அவள் பொது இடத்தில் பேசி நான் பார்த்ததே இல்லை. முதலில் பெண்கள் பகுதி அடங்கியது, பிறகு மற்றவர்கள்.

“அந்தா, செவுத்தோரமா நிக்கிறானே, அவன் என் கூடப் பொறந்த தம்பி. அந்தக் குடோன்ல மூட்டையக் குத்திப் பாத்ததே இவன்தான்.”

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

“எங்க வீட்டுக்காரவொ துபாய்ல வேகாத வெயில்ல சம்பாதிச்சதெல்லாம் அங்கதான் கெடக்குது. என் மவ கல்யாணம் நிக்குது. நான் இவன்கிட்டப் போன் போட்டுக் கேட்டேன், அது நல்ல பேங்கான்னு. இவன் சொல்லல. தெரிஞ்சும் சொல்லல.” மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். “எனக்கு இவன் மேல கோவந்தான். இன்னும் தீரல. அது எங்க வீட்டு விஷயம், நாங்க பாத்துக்குவோம். ஆனா சொந்த அக்காவுக்கே சொல்லாதவன் அடுத்தவனுக்குச் சொன்னான்னு சொல்லாதீங்க. சொல்லியிருந்தா என் பணம் தப்பிச்சிருக்கும். எங்கேருந்து வந்து தப்பிச்சிருக்கும்? சரோஜாக்கா பணத்துலேருந்துதான்.”

உட்கார்ந்துவிட்டாள். முக்காட்டின் நுனியால் முகத்தைத் துடைத்தாள். பக்கத்து வரிசையிலிருந்து சரோஜா எட்டி அவள் தோளைத் தொட்டார். கத்திய மனிதர் உருண்ட நாற்காலியை நிமிர்த்தி வைத்தார்.

நான் அங்கே அழக் கூடாது என்று மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

எம்.பி. மெதுவாகப் பேசினார். “அப்ப அந்த சொந்தக்காரனுக்குச் சொன்னது உள்ளூர் ஆளுதான். தலைவரு என் கட்சிக்காரரு. இங்க எல்லாருக்கும் தெரியும். போலீஸ் விசாரிக்கட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன்.” அப்படிச் சொன்னதன் விலை அவருக்குத் தெரிந்திருக்கும். அங்கே இருந்த கட்சிக்காரர்கள் சிலர் எழுந்து வெளியே போனார்கள்.

கூட்டம் முடிந்து ராத்தா மச்சானின் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டாள். என்னைக் கடந்துதான் போனார்கள். மச்சான் தலையசைத்தார். அவள் திரும்பவில்லை. காரில் மேடத்தோடு திரும்பினேன். பாபநாசம் தாண்டும்போது, “உங்க அக்காவுக்கு நான் தனியா ஒண்ணும் சொல்ல முடியாது. சொன்னா அது சலுகை மாதிரி ஆயிடும். ஆனா அவங்கள நான் மறக்க மாட்டேன்” என்றார்.

மேடம் எழுதினார். எம்.பி. டெல்லியில், நாடாளுமன்றக் குழுவின் முன்னால், எங்கள் தலைமையிடமே கேட்டார் என்று கேள்விப்பட்டேன். நடவுச் செலவும் அவசரச் செலவுகளில் ஒன்றாகச் சேர்ந்தது. சரோஜா நட்டுவிட்டார். சில வயல்களில் நாற்று முற்றித்தான் போயிருந்தது. அவற்றை எங்கள் திருத்தம் காப்பாற்றவில்லை. வாசலில் மாதந்தோறும் தமிழில் அறிவிப்பு ஒட்டினார்கள். தடை மட்டும் நீங்கவில்லை. அதை நீக்கச் சொல்லி அதற்குப் பிறகு யாரும் மேடத்துக்குப் போன் செய்யவும் இல்லை.

பர்வீனின் கல்யாணத்துக்கு விண்ணப்பித்துக் கிடைத்த தொகை பெரிதில்லை. மாப்பிள்ளையின் அத்தா வேதாரண்யத்திலிருந்து பஸ் ஏறி வந்து மச்சானிடம் சொன்னாராம்: “புயல்ல எங்க உப்பளம் மொத்தமும் கரைஞ்சு போனப்ப நாங்க எழுந்திரிக்கலையா? பொண்ணக் குடுங்க, நிக்காஹ்வ பள்ளிவாசல்ல வச்சுக்குவோம்.” அப்படியே நடந்தது. ராத்தா என்னை அழைக்கவில்லை, மச்சான் அழைத்தார். போனேன். பந்தியில் ராத்தா என் இலைக்கு முன்னால் வந்து நின்றாள். “பிரியாணி போதுமா?” என்று கேட்டாள். போதும் என்றேன். போதாது என்று சொன்னவனுக்குப் போடுவது மாதிரி போட்டுவிட்டுப் போனாள். அன்று அவள் பேசியது அவ்வளவுதான்.

அந்த வங்கியைப் பெரிய வங்கி ஒன்று எடுத்துக்கொள்ள வெகு காலம் ஆயிற்று. கடைசியில் எல்லோருக்கும் பணம் திரும்பக் கிடைத்தது. அதற்குள் இறந்துபோன வாத்தியார்களும் உண்டு. வங்கித் தலைவர் மீதும் ஆலைக்காரர் மீதும் வழக்கு நடக்கிறது. எம்.பி.க்கு அடுத்த தேர்தலில் கட்சி இடம் கொடுக்கவில்லை. பழையபடி கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகிறார். பார்த்தால் நின்று பேசுவார். மேடம் எனக்கு முன்னாலேயே ஓய்வு பெற்று மதுரையில் இருக்கிறார். தொலைக்காட்சி விவாதங்களுக்கு அவரைக் கூப்பிடுகிறார்களாம். போவதில்லை. கத்துகிறார்கள், காது வலிக்கிறது என்கிறார்.

நானும் ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்டேன். தஞ்சாவூர்க் கூட்டம் முடிந்த மறுநாள் ராத்தா வீட்டுக்குப் போனேன். இப்போது பேசுகிறோம். எப்போது பேச ஆரம்பித்தோம் என்று இருவருக்குமே சரியாக நினைவில்லை. அந்தப் பழைய விஷயத்தை மட்டும் இருவரும் தொட்டதில்லை. அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, கூட்டத்தில் யார் யார் என்ன பேசினார்கள் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே மீன் குழம்பை ஊற்றினாள். ஊற்றிவிட்டுக் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

“தம்பி, நான் ஒண்ணு கேக்கவா? அதே மாதிரி நெலம இன்னொரு தடவ வந்தா, அப்பவாவது எனக்குச் சொல்லுவியா?”

நான் ஓய்வு பெற்றவன். இனிமேல் என்னிடம் சொல்வதற்கு எந்த ரகசியமும் வரப்போவதில்லை. சொல்வேன் என்று சொல்லியிருக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

“மாட்டேன் ராத்தா.”

என் முகத்தையே பார்த்தாள்.

“தெரியும்” என்றாள். “முள்ளப் பாத்துச் சாப்பிடு.”